வானவழியின் தூரமும் காலமும்

டோக்கியோ நகரத்தில் திங்கட்கிழமை மாலை 5 மணிக்கு ஆகாய விமானம் ஏறுகிற ஒரு பிரயாணி, பசிபிக் சமுத்திரத்தைக் கடந்து அமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள ஸான் பிரான்சிஸ்கோவில் இறங்கும்பொழுது, அங்கே அதே திங்கட்கிழமை காலை 9.30 மணியாக இருக்கக் காண்கிறான். புறப்பட்ட நேரத்துக்கு ஏழரை மணி முன்னதாகவே அவன் போய்ச் சேர்ந்துவிட்டதாகக் கால அட்டவணை சொல்கிறது. திரும்பி வரும்போது கணக்கு நேர்மாறாகிறது. ஸான் பிரான்சிஸ்கோவில் திங்கட்கிழமை நண்பகல் 12 மணிக்குக் கிளம்பினால், டோக்கியோவில் இறங்குவது செவ்வாய்க்கிழமை மாலை 4 மணிக்கு. அட்டவணையை அப்படியே நம்பினால் 28 மணி நேரப் பிரயாணம். குளிர்காலத்தில் இவ்விரு நகரங்களுக்கும் இடையே ஓடும் விமானங்களின் அட்டவணையை எடுத்துப் பார்ப்பவர்கள் ஏறக்குறைய இத்தகைய எண்களையே காண்பார்கள். இவற்றுள் இரண்டு புதிர்கள் கலந்து கிடக்கின்றன: ஒன்று கடிகாரத்தைப் பற்றியது, எளிதில் அவிழ்வது, மற்றொன்று, கடிகாரங்களையெல்லாம் சரிப்படுத்திக்கொண்ட பிறகும் அவிழாமல் எஞ்சி நிற்பது.

கடிகாரப் புதிரை முதலில் தீர்த்துவிடலாம். டோக்கியோவின் நேரம் கிரீன்விச் நேரத்துக்கு 9 மணி முந்தியது. ஸான் பிரான்சிஸ்கோவின் நேரம், குளிர்காலத்தில், அதற்கு 8 மணி பிந்தியது. ஆகவே இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 17 மணி. கிழக்கே போகிறவன் வழியில் சர்வதேசத் தேதிக்கோட்டைத் தாண்டும்போது நாட்காட்டியில் ஒரு நாளைப் பின்னுக்குத் தள்ளுகிறான். மேற்கே வருகிறவன் ஒரு நாளை இழக்கிறான். உலகத்தை முதன்முதலில் சுற்றிவந்த மகெல்லனின் கூட்டத்தாருள் உயிரோடு மீண்ட சிலர், 1522-ஆம் வருஷம் ஜூலை மாதத்தில் கேப் வெர்டே தீவுகளை அடைந்து, தங்கள் கணக்கில் புதன்கிழமையாக இருந்த அந்த நாள் கரையிலிருந்தவர்களுக்கு வியாழக்கிழமையாக இருந்ததைக் கேட்டுத் திகைத்தார்கள். அவர்களுள் ஒருவராய், ஒரு நாள்கூடத் தவறாமல் நாட்குறிப்பு எழுதிவந்த பிகாஃபெட்டாவுக்கு அந்தத் திகைப்பு சாமானியமானதாக இருந்திருக்க முடியாது. மூன்று வருஷப் பிரயாணத்தில் அவர்கள் சிறுகச் சிறுக இழந்த நாளை இன்றைய விமானப் பிரயாணி ஒரு கணத்தில் இழந்துவிடுகிறான், அவ்வளவுதான். அட்டவணையிலிருந்து உண்மையான காலத்தைப் பிரித்தெடுக்க ஓர் எளிய யுக்தியும் உண்டு. போகும்போது கடிகாரம் ஏமாற்றுகிற 17 மணியும் வரும்போது அது கூட்டிக்காட்டுகிற 17 மணியும் ஒன்றையொன்று அழித்துக்கொள்வதால், 28-இலிருந்து ஏழரையைக் கழித்துவிட்டால் கிடைக்கும் இருபதரை மணியே போக வர ஆகும் மெய்யான காலம். அந்த இருபதரையில் போவதற்கு ஆகிறது ஒன்பதரை. திரும்புவதற்கு ஆகிறது பதினொன்று.

அந்த ஒன்றரை மணி வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்பதே நம் இரண்டாவது புதிர். நகரங்கள் இடம் மாறவில்லை, விமானமும் அதுவே, அதன் எந்திரங்கள் ஒரு திசைக்கு உற்சாகமாகவும் மறுதிசைக்குச் சோம்பலாகவும் உழைக்கிறவையும் அல்ல.

காலத்தை ஆராயுமுன் தூரத்தைத் தெரிந்துகொள்வது முறை. டோக்கியோ வட அட்சரேகை சுமார் 35½ பாகையில் இருக்கிறது. ஸான் பிரான்சிஸ்கோ சுமார் 37½ பாகையில். இரண்டும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில் அமைந்தவை என்றே சொல்லலாம். பள்ளிக்கூடச் சுவரில் தொங்கும் உலகப் படத்தைப் பார்க்கிற மாணவன், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நேர்கிழக்காக ஒரு கோடு கிழித்து, அதுவே குறுக்குவழி என்று ஐயமின்றிச் சொல்லிவிடுவான். அந்தக் கோட்டின்மேல் சென்றால் ஏறக்குறைய 8,730 கிலோமீட்டர் பறக்க வேண்டும். ஆனால் அதே மாணவன் உருண்டையான பூகோளத்தை எடுத்து, இரு நகரங்களின்மேலும் ஒரு நூலை வைத்து இறுக்கி இழுப்பானாகில், நூல் தானாகவே வடக்கே நழுவி, 48 பாகை வரையில் ஏறி, அலூஷியன் தீவு வரிசைக்குச் சற்றுத் தெற்கே சென்று, பிறகு இறங்குவதைக் கண்ணாரக் காண்பான். அந்த நூலின் நீளத்துக்குரிய தூரம் சுமார் 8,290 கிலோமீட்டர்தான். நேர்கிழக்கு வழியைக் காட்டிலும் 440 கிலோமீட்டர் குறைவு. விமானத்துக்கு அது அரைமணிப் பிரயாணம்.

இறுக்கிய நூல் காட்டும் வழிக்குப் பெருவட்டம் என்று பெயர். பூமியின் மையத்தின் வழியாக வெட்டினால் உண்டாகும் வட்டம் அது. உருண்டையின்மேல் அதைவிடப் பெரிய வட்டம் வரைய இயலாது. பெரிய வட்டத்தின் வளைவு சிறிய வட்டத்தின் வளைவைவிட மென்மையானது. ஆகையால் இரண்டு புள்ளிகளுக்கிடையே அதன் துண்டே நேர்கோட்டுக்கு மிக நெருங்கி நிற்கிறது. அட்சரேகைகளுள் பூமத்தியரேகை ஒன்றுதான் பெருவட்டம். மற்றவையெல்லாம் துருவத்தை நோக்கிச் சிறுத்துக்கொண்டே போகும் வட்டங்கள். இதையே வேறு விதமாகவும் விளங்கிக்கொள்ளலாம். ஒரு தீர்க்கரேகைக்கும் அடுத்ததற்கும் இடையேயுள்ள ஒரு பாகை அகலம் பூமத்தியரேகையில் 111 கிலோமீட்டர், 37-ஆவது அட்சரேகையில் 89, 48-ஆவதில் 74. கடக்க வேண்டிய 98 பாகைகளையும் அகலம் குறைந்த வடபகுதியில் கடப்பதால் உண்டாகும் லாபம், வடக்கே ஏறி இறங்குவதால் உண்டாகும் செலவைக் காட்டிலும் அதிகமாக இருக்கிறது.

இந்த உண்மை மாலுமிகளுக்கு நெடுங்காலமாகத் தெரிந்ததே. திசைகாட்டி ஊசிக்கு மாறாத கோணத்தில் செல்லும் பாதை வேறு, மிகக் குறுகிய பாதை வேறு என்பதைப் போர்ச்சுக்கல் தேசத்துக் கணித அறிஞர் பெத்ரோ நூனெஸ் 1537-ஆம் ஆண்டிலேயே எடுத்துக்காட்டினார். 1569-இல் மெர்க்காட்டர் வெளியிட்ட உலகப் படம் முதல்வகைப் பாதை நேர்கோடாகத் தெரியும்படி அமைக்கப்பட்டது. மாலுமிக்கு அது பேருதவி. அதற்காகக் கொடுத்த விலை, துருவப் பக்கத்து நிலங்கள் ஊதிப் பெருத்ததும், பெருவட்டங்கள் வளைந்து தோன்றியதும். நம்மில் பலர் விமான வழிகளை வீண் சுற்று என்று நினைப்பதற்குக் காரணம், நானூறு வருஷங்களுக்கு மேலாக அந்தப் படத்தையே பார்த்துப் பழகிவிட்ட நமது கண்.

சமுத்திரத்தின்மேல் சங்கிலி பிடித்து அளந்தவர் யாருமில்லாதபோது 8,290 கிலோமீட்டர் என்று எப்படிச் சொல்கிறோம் என்று கேட்பது நியாயமான கேள்வி. நகரங்களின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் தெரிந்தால் இடையிலுள்ள கோணம் தெரியும். பூமியின் அளவு தெரிந்தால் கோணம் தூரமாகும். பூமியின் அளவோ, நிலத்தின்மேல் பல தேசங்களில் பொறுமையோடு அளந்த நீண்ட வில்களிலிருந்து கிடைத்தது. 1802-இல் வில்லியம் லாம்ப்டன் சென்னைப் பரங்கிமலைக்கருகே சுமார் 12 கிலோமீட்டர் நீளமுள்ள அடிக்கோடு ஒன்றைச் சங்கிலியால் அளந்து தொடங்கிய வேலை, இந்த உபகண்டத்தின் நெடுகிலும் வடக்கே வளர்ந்து, அத்தகைய வில்களுள் மிக நீண்டதொன்றாக முடிந்தது. பூமி முழு உருண்டையல்ல, துருவங்களில் சற்றுத் தட்டையானது என்பதையும் இத்தகைய அளவைகளே உறுதிப்படுத்தின. மையத்திலிருந்து பூமத்தியரேகைக்கு 6,378 கிலோமீட்டர், துருவத்துக்கு 6,357. இந்த 21 கிலோமீட்டர் வித்தியாசம் நம் கணக்கை அதிகம் மாற்றுவதில்லை.

ஆக, தூரம் இரு திசையிலும் ஒன்றே. காலம் மட்டும் ஏன் வேறு?

கேட்டவுடனே பலர் சொல்லும் விடை, பூமி சுழல்கிறதே என்பது. விமானம் வானத்தில் மிதந்துகொண்டிருக்க, கீழே பூமி கிழக்கு நோக்கி உருண்டோடுவதால், வித்தியாசம் உண்டாகிறது என்பது அவர்கள் எண்ணம். இதை எண்ணைக் கொண்டே சோதித்துப் பார்ப்போம். டோக்கியோ இருக்கும் அட்சரேகையில் பூமியின் மேற்பரப்பு மணிக்குச் சுமார் 1,350 கிலோமீட்டர் வேகத்தில் கிழக்கே செல்கிறது. விமானத்தின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 900 கிலோமீட்டர்தான். விமானத்தை விட்டுவிட்டுப் பூமி தனியே ஓடுமானால், கிழக்கு நோக்கிக் கிளம்பிய விமானத்தை டோக்கியோ நகரமே முந்திக்கொண்டு போய்விடும். அமெரிக்காவை அடைவது ஒருநாளும் நடவாது. மேற்கு நோக்கி வரும் விமானமோ நான்கு மணி நேரத்துக்குள் வந்து சேர்ந்துவிடும். இரண்டும் நடப்பதில்லை, உண்மையில் விரைவாகச் செல்வது கிழக்குநோக்கிய விமானமே. காரணம் வெளிப்படை. பூமி தன்னைப் போர்த்தியிருக்கும் வாயுமண்டலத்தையும் சேர்த்துக்கொண்டே சுழல்கிறது. நிலத்தில் நின்ற விமானமும் புறப்படுமுன்பே அந்தச் சுழற்சியில் பங்குகொண்டிருக்கிறது.

விமானம் பறப்பது தரையின்மேல் அன்று, காற்றினுள்ளே. இதை மனத்தில் நிறுத்திக்கொண்டால் பாதி விளங்கிவிடும். ஆற்று நீரில் ஓடம் செலுத்துகிறவன் துடுப்பால் தள்ளுவது தண்ணீரைத்தான். தண்ணீரைப் பொறுத்தமட்டில் அவன் வேகம் எத்திசையிலும் ஒன்றே. ஆனால் கரையிலிருந்து பார்ப்பவனுக்கு, நீரோட்டத்தோடு செல்லும்போது ஓடம் பறப்பதாகவும், எதிர்த்துச் செல்லும்போது ஊர்வதாகவும் தோன்றும். விமானத்துக்கும் இவ்வாறே இரண்டு வேகங்கள் உண்டு: காற்றினூடே செல்லும் வேகம் ஒன்று, தரையைப் பொறுத்த வேகம் மற்றொன்று. முன்னது எந்திரத்தின் கையில் இருக்கிறது. பின்னதில் காற்றுக்கும் பங்கு உண்டு. 2020 பிப்ரவரியில், வட அட்லாண்டிக்கில் கியாரா என்னும் புயல் வீசிய நாளில், நியூயார்க்கிலிருந்து லண்டனுக்குச் சென்ற ஒரு பிரயாணி விமானம் 4 மணி 56 நிமிஷத்தில் போய்ச் சேர்ந்தது. இடையே அதன் தரைவேகம் மணிக்கு 1,300 கிலோமீட்டரைத் தாண்டியது. உள்ளே இருந்தவர்களோ, தம்மைச் சூழ்ந்த காற்றினூடே வழக்கமான வேகத்திலேதான் சென்றுகொண்டிருந்தார்கள்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். போகும்போது காற்றினால் கிடைத்த லாபமும் வரும்போது உண்டான நஷ்டமும் சமமாகிவிடும் என்று நினைப்பது இயல்பு, அது சரியன்று. மணிக்கு 900 கிலோமீட்டர் செல்லும் விமானம், காற்றே இல்லாத வானத்தில் 8,300 கிலோமீட்டரைக் கடக்க 9 மணி 13 நிமிஷம் ஆகும். மணிக்கு 100 கிலோமீட்டர் காற்று பின்னிருந்து தள்ளினால் 8 மணி 18 நிமிஷம் போதும்: மிச்சம் 55 நிமிஷம். அதே காற்று எதிர்த்தால் 10 மணி 22 நிமிஷம்: நஷ்டம் 69 நிமிஷம். போக வரக் கூட்டினால் கால் மணிக்குக் கொஞ்சம் குறைவான நேரம் வீணாகிறது. அநுகூலமான காற்றில் விமானம் சீக்கிரமாகக் கடந்துவிடுவதால் அந்த உதவியைக் குறைந்த நேரமே பெறுகிறது. எதிர்க்காற்றிலோ மெதுவாகச் செல்வதால் அந்தத் தொல்லையை அதிக நேரம் அனுபவிக்கிறது. காற்று பாரபட்சமின்றி வீசினாலும் கணக்கு நஷ்டத்திலேயே முடிகிறது.

பத்துக் கிலோமீட்டர் உயரத்தில் இத்தகைய பெருங்காற்று மேற்கிலிருந்து கிழக்காக வீசுகிறது என்பதை மனிதன் கண்டறிந்த வரலாறு, நம் இரு நகரங்களோடும் நெருங்கிய தொடர்புடையது. டோக்கியோவுக்கு வடகிழக்கே டடெனோ என்னுமிடத்தில் 1920-இல் மேல்வானத்தை ஆராய்வதற்கென்று ஒரு நிலையம் ஏற்பட்டது. அதன் முதல் தலைவர் வஸாபுரோ ஓயிஷி. அவர் கையாண்ட முறை மிக எளிமையானது. ஹைட்ரஜன் நிரப்பிய சிறு ரப்பர் பலூன் ஒன்றை மேலே விடுவார்கள். பலூனின் எடையையும் அது தூக்கும் ஆற்றலையும் கொண்டு, நிமிஷத்துக்கு எத்தனை மீட்டர் ஏறும் என்பதை முன்னரே கணக்கிட்டுக்கொள்ளலாம்; ஆகவே எவ்வளவு நேரம் ஆயிற்று என்பதே எவ்வளவு உயரம் என்பதையும் சொல்லிவிடும். கீழே ஒருவர் தியோடலைட் என்னும் தொலைநோக்கிக் கோணமானியில் கண்ணை வைத்துக்கொண்டு, பலூன் எந்தத் திசையில் இருக்கிறது, அடிவானத்திலிருந்து எத்தனை பாகை ஏறியிருக்கிறது என்னும் இரண்டு கோணங்களையும் நிமிஷந்தோறும் படிப்பார். உயரமும் கோணங்களும் தெரிந்தால் பலூன் வானத்தில் நிற்கும் இடம் தெரிந்துவிடும். ஒரு நிமிஷத்து இடத்தையும் மறு நிமிஷத்து இடத்தையும் ஒப்பிட்டால், இடையிலே அதைத் தள்ளிக்கொண்டு போன காற்றின் வேகமும் திசையும் வெளிப்படும். ஜப்பானின் அப்பகுதியில் குளிர்காலத்து வானம் பெரும்பாலும் தெளிந்திருப்பதால், வெகு உயரம் வரையில் பலூனைக் கண்ணால் தொடர முடிந்தது. அவ்வாறு தொடர்ந்தபோது, 9, 10 கிலோமீட்டர் உயரத்தில், நொடிக்குச் சுமார் 70 மீட்டர், அதாவது மணிக்கு 250 கிலோமீட்டர் வேகமுள்ள மேல்காற்று குளிர்காலத்தில் வீசுவதை ஓயிஷி கண்டார். கரையைத் தாக்கும் கடும்புயல்களுக்கு ஒப்பான வேகம், புயல் என்பதே இல்லாத நிர்மலமான வானத்தில்!

தாம் கண்டதை 1926-இல் அவர் வெளியிட்ட அறிக்கை, உலக மக்கள் எல்லோருக்கும் பொதுமொழியாகும் என்று அவர் பக்தியோடு நம்பிய எஸ்பெராண்டோவில் எழுதப்பட்டிருந்தது. எல்லோருக்குமென்று எழுதியதை ஏறக்குறைய ஒருவருமே படிக்கவில்லை. இது எனக்கு எப்பொழுதும் மனத்தை வருத்தும் செய்தி. ஏனெனில், அந்தக் கண்டுபிடிப்பைக் கவனித்துப் பயன்படுத்தியவர்கள் யுத்தகாலத்து ஜப்பானியச் சேனையினரே. 1944 நவம்பர் முதல் 1945 ஏப்ரல் வரையில், சுமார் 10 மீட்டர் விட்டமுள்ள காகிதப் பலூன்களில் குண்டுகளைக் கட்டி, ஒன்பதாயிரத்துக்கு மேற்பட்டவற்றை அந்த மேல்காற்றில் விட்டார்கள். உயரம் குறையும்போதெல்லாம் மணல்மூட்டைகளைத் தாமாகவே உதிர்த்துக்கொண்டு, அவை ஏறத்தாழ மூன்று நாளில் பசிபிக்கைக் கடந்தன. பெரும்பாலானவை எங்கோ அழிந்தன. எனினும் 1945 மே 5 அன்று, ஆரிகன் மாகாணத்தில் பிளை என்னும் ஊருக்கருகே காட்டில் கிடந்த ஒன்று வெடித்து, உல்லாசமாகச் சென்றிருந்த ஒரு பெண்ணும் ஐந்து குழந்தைகளும் மாண்டார்கள். அந்தப் பலூன்கள் எங்கிருந்து வந்தன என்பதை அமெரிக்கப் புவியியல் அறிஞர்கள் கண்டுபிடித்த விதமும் குறிப்பிடத்தக்கது: மணல்மூட்டைகளில் எஞ்சியிருந்த மணலை நுண்ணோக்கியில் ஆராய்ந்து, அதிலிருந்த நுண்ணிய கடலுயிர்களின் ஓடுகளையும் கனிமங்களையும் கொண்டு, அது ஜப்பானியக் கடற்கரை மணல் என்று அறுதியிட்டார்கள். எதிர்த்தரப்பாருக்கும் அதே காற்று தன்னை அறிவித்துக்கொண்டது. 1944 நவம்பரில் டோக்கியோவின்மேல் உயரப் பறந்த அமெரிக்கக் குண்டுவிமானங்கள், எதிர்பாராத அந்த வேகத்தால் அடித்துச் செல்லப்பட்டு, குறிதவறித் திகைத்தன. யுத்தம் முடிந்தபின் சிகாகோவில் ராஸ்பி முதலிய வானிலை அறிஞர்கள் செய்த ஆராய்ச்சியால் இந்தக் காற்று உலகறிந்ததாகி, ஜெட் ஸ்ட்ரீம் என்ற பெயரைப் பெற்றது. குறுகிய வழியில் தாரையாகப் பாய்வதால் தமிழில் இதைத் தாரைக்காற்று எனலாம். 1952 நவம்பரில் பான் அமெரிக்கன் விமானம் ஒன்று டோக்கியோவிலிருந்து ஹொனலூலுவுக்கு இந்தக் காற்றை வேண்டுமென்றே நாடிப் பறந்து, 18 மணிப் பிரயாணத்தைப் பதினொன்றரை மணியில் முடித்தது.

தாரைக்காற்று ஏன் உண்டாகிறது? தெற்கே உஷ்ணப் பிரதேசத்துக் காற்று சூட்டினால் விரிந்து உயர்ந்து நிற்கிறது. வடக்கே துருவப் பக்கத்துக் காற்று குளிர்ந்து சுருங்கி அடங்கிக் கிடக்கிறது. ஆகவே மேலே போகப் போக, அழுத்தம் குளிர்ந்த பக்கத்தில் விரைவாகவும் உஷ்ணமான பக்கத்தில் மெதுவாகவும் குறைகிறது. பத்துக் கிலோமீட்டர் உயரத்தில் தென்புறத்து அழுத்தம் வடபுறத்தைவிட வெகுவாக மிஞ்சி நிற்க, காற்று வடக்கே பாய முற்படுகிறது. அப்படிப் பாயும் காற்றை, பூமியின் சுழற்சி வடகோளத்தில் வலப்பக்கமாகத் திருப்பிக்கொண்டே இருப்பதால், அது வடக்கே சென்று சேராமல், இரு பிரதேசங்களின் எல்லையை ஒட்டிக் கிழக்காக ஓடத் தொடங்குகிறது. பூமியின் சுழற்சிதான் காரணம் என்றவர்களின் விடையை முன்பு மறுத்துத் தள்ளினோம். அது நேர்வழியில் நுழைய முடியாமற்போய், காற்றின் வழியாக இங்கே நுழைகிறது. குளிர்காலத்தில் உஷ்ண வித்தியாசம் மிகுவதால் தாரையும் மிகுகிறது. சைபீரியாவின் கடுங்குளிர் ஒருபுறமும் குரோஷியோ என்னும் வெந்நீரோட்டம் மறுபுறமும் நெருங்கியிருப்பதாலும், திபெத்திய மேட்டுநிலத்தால் இரண்டாகப் பிளந்த மேல்காற்று அங்கே மறுபடியும் ஒன்றுசேர்வதாலும், உலகத்திலேயே மிகப் பலமான தாரை ஜப்பானின் தலைக்குமேல் வீசுகிறது.

இனி வழியைத் தேர்ந்துகொள்ளும் கலை. மிகக் குறுகிய வழி வேறு, மிக விரைவான வழி வேறு என்பது இப்பொழுது தெளிவாகும். 1929 ஆகஸ்டில் கிராஃப் ஜெப்பலின் என்னும் வானக்கப்பல், டோக்கியோவுக்கருகேயுள்ள கஸுமிகௌராவிலிருந்து புறப்பட்டு, ஸான் பிரான்சிஸ்கோவின்மேல் தோன்றி, 79 மணியில் லாஸ் ஏஞ்சல்ஸை அடைந்தது. அத்தகைய மெதுவான கப்பலுக்குக் காற்றே விதி. இடத்துக்கிடம் மாறும் காற்றில், குறைந்த நேரத்தில் சென்றடைய முகப்பை எப்படித் திருப்பிக்கொண்டே போக வேண்டும் என்னும் கேள்வியை, 1931-இல் ஜெர்மன் தேசத்துக் கணித அறிஞர் எர்ன்ஸ்ட் ஸெர்மெலோ எடுத்துக்கொண்டு தீர்த்தார். கிழக்கே செல்லும் விமானம் பெருவட்டத்தை விட்டுத் தெற்கே ஒதுங்கி, தாரையினுள் நுழைந்து, அதிக தூரத்தைக் குறைந்த நேரத்தில் கடக்கிறது. மேற்கே வருவது தாரைக்கு ஒதுங்கி, அலாஸ்காவை ஒட்டி வடக்கே வளைகிறது. தாரை நாள்தோறும் நெளிந்து இடம்மாறுவதால், பசிபிக்கின் வழிகளும் மாறிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. அமெரிக்காவில் ஓக்லாந்திலும் ஜப்பானில் ஃபுகுவோகாவிலும் உள்ள போக்குவரத்து நிலையங்கள் அன்றன்றைய காற்றைப் பார்த்து அன்றன்றைய வழிகளை வகுத்துத் தருகின்றன. எரிபொருள் செலவு பெரும்பாலும் வானில் இருக்கும் நேரத்தைப் பொறுத்ததாகையால், இரு நகரங்களுக்கிடையேயுள்ள தூரத்தை மணியில் சொல்வதே வைமானிகர்களுக்குப் பொருத்தமாக இருக்கிறது.

காற்று இன்று எங்கே எப்படி வீசுகிறது என்பதை அறிய, விமானங்களே பெரிய சாதனமாகிவிட்டன. விமானத்தின் மூக்குப் பக்கத்தில் முன்னோக்கித் துருத்திக்கொண்டிருக்கும் சிறு குழாய்களில் காற்று மோதும் அழுத்தத்தைக் கொண்டு காற்றினூடான வேகம் அளக்கப்படுகிறது. ஹென்றி பித்தோ என்னும் பிரெஞ்சு எஞ்சினீயர், பாரிஸில் ஸேன் ஆற்றின் நீரோட்டத்தை அளப்பதற்காக 1732-இல் அமைத்த குழாயின் வழிவந்தவை அவை. தரைவேகத்தைச் சுழலிகள் கொண்ட வழிகாட்டிக் கருவிகளும் செயற்கைக்கோள்களும் சொல்கின்றன. இரண்டையும் திசையோடு ஒப்பிட்டால் மிஞ்சுவது காற்று. இந்த அளவுகள் வானொலி வழியே வானிலை நிலையங்களுக்குத் தாமாகவே போய்ச் சேருகின்றன. டடெனோ நிலையத்திலும் உலகமெங்கும் உள்ள மற்ற நிலையங்களிலும் தினமும் இருமுறை ஏற்றிவிடப்படும் பலூன்களின் அளவுகளும் அவற்றோடு சேர்கின்றன. கிழக்கே போன விமானம் வழியெல்லாம் அளந்து அனுப்பிய காற்றைக் கணக்கில் கொண்டே, மறுநாள் மேற்கே திரும்பும் விமானத்துக்கு வழியும் நேரமும் குறிக்கிறார்கள்.